தீர்வை நிலத்தின்மீது, வாக்கு யாரிடம்?

வாய்க்கால் வெட்டுவதற்கும், அணை கட்டுவதற்கும், சாலை போடுவதற்கும் முதலில் பணம் வேண்டும். பலனோ பின்னால்தான் வரும். இடையில் உள்ள காலத்துக்கான செலவை யார் ஏற்பது என்பது உலகெங்கும் விவசாயிகளையும் ஊர்ச் சபைகளையும் வாட்டி வந்த பழைய கேள்வி. சர்க்காரின் பொதுக் கஜானா ஏற்கலாம். ஆனால் கஜானாவின் வாசலில் காத்து நிற்பவர்கள் அநேகர். நம் ஊரின் முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தனிப்பட்ட முதலாளி ஏற்கலாம். ஆனால் பணம் போட்டவர் தண்ணீருக்கு விலை வைப்பார்; அந்த விலையைக் கேள்வி கேட்கும் உரிமை பயிரிடுபவனுக்கு இராது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. எந்த நிலங்களுக்கு அந்த வேலையால் நன்மை உண்டாகிறதோ, அந்த நிலங்களின் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, தங்களுக்குள் ஓர் எல்லை வகுத்து, அந்த எல்லைக்குள் மட்டும் தீர்வை விதித்துக்கொண்டு, அதைக் கொண்டே வேலையை முடிப்பது.

இந்த மூன்றாவது வழியைப் பரந்த அளவில் கையாண்டு பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே இத்தகைய அமைப்புக்குத் தனி வட்டாரம் என்று பெயர். பாசனத்துக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று என அவை பல வகைப்படும். 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் இவை 38,000-க்கும் அதிகம். அவற்றுள் நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடிய வரலாறு கலிபோர்னியா மாநிலத்தின் பாசன வட்டாரங்களுடையது என்று கருதி, அதை இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம். நன்றாக நடந்ததும் அதில் உண்டு. நாம் தவிர்க்க வேண்டியதும் அதில் உண்டு.

முறை என்ன?

முதலில் முறையைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் ஒரு வாய்க்காலுக்குப் பத்து லட்சம் ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். விவசாயிகள் கையில் அவ்வளவு ரொக்கம் இராது. ஆகவே வட்டாரம் தன் பெயரில் கடன் பத்திரங்களை வெளியிடுகிறது. பத்திரம் வாங்கியவர்களின் பணத்தில் வாய்க்கால் வெட்டப்படுகிறது. பிறகு ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் என்ற பொறுப்பு இருபது ஆண்டுகளுக்குப் பங்கிடப்பட்டு, ஆண்டுக்கு ஐம்பது ரூபாயும் வட்டியும் தீர்வையாக வசூலிக்கப்படுகிறது. தண்ணீர் வந்து விளைச்சல் பெருகப் பெருக, அந்த விளைச்சலிலிருந்தே கடன் தீர்கிறது.

கடன் கொடுப்பவன் எதை நம்பிக் கொடுக்கிறான்? நிலத்தை நம்பித்தான். தீர்வை கட்டத் தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும். தீர்வைப் பொறுப்பு ஆளைத் தொடர்வதில்லை, நிலத்தைத் தொடர்கிறது. நிலம் கைமாறினால் வாங்கியவன் தலையில் அது வந்து சேர்கிறது. இந்த முறையின் பலமும் இதுவே, அபாயமும் இதுவே.

சாதாரண வரிக்கும் இந்தத் தீர்வைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வரி செலுத்துபவன் தனக்கு நேரடியாக என்ன கிடைத்தது என்று கேட்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதவனும் கல்வி வரி கட்டத்தான் வேண்டும். தீர்வையோ தனி நன்மைக்கு ஈடானது. இந்த நிலத்துக்கு இந்த வேலையால் இன்ன நன்மை உண்டு என்று காட்டினாலன்றி விதிக்கலாகாது. நன்மைக்கு மேற்பட்டும் விதிக்கலாகாது. ஆகவே வாய்க்கால் தலைமாட்டில் உள்ள நிலத்துக்கும், தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்துக்கும் ஒரே தீர்வை என்று சொல்வது இந்த முறையின் அடிப்படைக்கே விரோதம்.

ரைட் கொண்டுவந்த சட்டம்

கலிபோர்னியாவில் 1880-களில் நீருக்காகப் பெரும் வழக்குகள் நடந்தன. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவனுக்கே ஆற்று நீரில் முதல் உரிமை என்று 1886-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கரையிலிருந்து தள்ளி நிலம் வைத்திருந்த சிறு விவசாயிகளின் கதி என்ன? மானாவாரிக் கோதுமையைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. மொடெஸ்டோ ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர் சி. சி. ரைட் என்பவர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1887-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது.

சட்டத்தின் சாரம் இது: நில உரிமையாளர் ஐம்பது பேரோ, அல்லது அப்பகுதி உரிமையாளர்களில் பெரும்பான்மையோரோ விண்ணப்பித்தால் எல்லை வகுக்கப்படும். அந்த எல்லைக்குள் வசிக்கும் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் வட்டாரம் பிறக்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர் குழு அதை நடத்தும். தண்ணீர் உரிமையையும் வாய்க்காலுக்கான நிலத்தையும் ஈடு கொடுத்துக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. வட்டாரத்துக்குள் உள்ள எல்லா நிலமும் மதிப்புக்குத் தக்கபடி தீர்வை செலுத்த வேண்டும்.

இதில் நாம் உற்று நோக்க வேண்டிய அம்சம் வாக்கு. பத்தாயிரம் ஏக்கர் வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு. பத்து ஏக்கர்காரருக்கும் ஒரு வாக்கு. நிலமே இல்லாமல் ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு. அந்நாளில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லாதது பெருங்குறை. கலிபோர்னியாவில் அது 1911-இல்தான் வந்தது. ஆயினும் தீர்வை நிலத்தின்மீதும் வாக்கு மனிதனிடமும் இருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெரு நிலச்சுவான்தார்கள் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் கோதுமைக்கு மழை போதும். சிறியவர்கள் தண்ணீர் வேண்டுமென்று வாக்களிக்க, எங்கள் நிலம் ஏன் தீர்வை கட்ட வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். ஃபால்புரூக் என்ற பாசன வட்டாரத்தின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வட்டாரத்தின் பக்கம் நின்று வாதாடியவர்களில் ஒருவர் முன்னாள் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன். பாசனம் பொது நன்மைக்கான காரியமே, அதற்காக நிலத்தின்மீது தீர்வை விதிப்பது செல்லும் என்று 1896-ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆரம்ப ஆண்டுகளில் ஏற்பட்ட வட்டாரங்கள் 49. வழக்கில் சிக்கிய வட்டாரத்தின் பத்திரத்தை வாங்க யார் முன்வருவார்? 1893-இன் பணமுடையும் சேர்ந்துகொண்டது. மனை விற்பனையைப் பெருக்குவதற்காகவே தொடங்கப்பட்ட வட்டாரங்களும் சில இருந்தன. மிகப் பெரும்பாலானவை முறிந்து, மிகச் சிலவே நிலைத்தன. சட்டம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, திட்டமும் கணக்கும் நாணயமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிற்காலத்தில் பத்திரம் வெளியிடுமுன் திட்டத்தை மாநிலமே ஆராய்ந்து சரிபார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

நிலைத்து நின்றவற்றில் முதன்மையானவை டர்லக், மொடெஸ்டோ ஆகிய இரண்டும். 1887-ஆம் ஆண்டிலேயே பிறந்த இவ்விரண்டும் சேர்ந்து டுவாலமி ஆற்றின் குறுக்கே லா கிரேஞ்ச் அணையை 1893-இல் கட்டி முடித்தன. அதன்பின்னும் வாய்க்கால் வேலை இழுபறியாகி, டர்லக் நிலங்களுக்குத் தண்ணீர் வரச் சுமார் 13 ஆண்டுகள் ஆயின. தண்ணீர் வந்த பிறகு கண்ட மாறுதல் பெரிது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கோதுமையாய்க் கிடந்த பெரும் பண்ணைகள் சிறு சிறு நிலங்களாய்ப் பிரிந்தன. குதிரைமசால், பால் பண்ணை, பீச் பழம், முலாம்பழம் என்று ஊர் செழித்தது. அவ்விரு வட்டாரங்களும் 1923-இல் டான் பெட்ரோ அணையைக் கட்டி, அந்த ஆண்டிலேயே மின்சாரமும் வழங்கத் தொடங்கின. இன்றும் இரண்டும் நடந்துவருகின்றன.

உழைப்புக்குத் தீர்வை இல்லை

இன்னொரு நல்ல ஏற்பாட்டையும் குறிப்பிட வேண்டும். தீர்வையை எதன்மீது கணக்கிடுவது? நிலத்தின் மதிப்பின்மீதா, அதில் உள்ள வீடு, மரம், கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்தா? 1909-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, புதிதாக ஏற்படும் பாசன வட்டாரங்களில் நிலத்தின் மதிப்புக்கு மட்டுமே தீர்வை என்றும், பழைய வட்டாரங்கள் வாக்கெடுத்து அம்முறைக்கு மாறலாம் என்றும் ஆயிற்று.

இதன் நியாயம் எவருக்கும் விளங்கும். ஒரே தரமான இரு நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒருவன் பாடுபட்டுப் பழத்தோட்டம் வைத்தான். மற்றவன் விலை ஏறட்டும் என்று தரிசாய்ப் போட்டு வைத்தான். வாய்க்கால் இருவர் நிலத்துக்கும் ஒரே அளவு மதிப்பைக் கூட்டியது. தோட்டக்காரனிடம் கூடுதலாகவும் தரிசுக்காரனிடம் குறைவாகவும் தீர்வை வாங்கினால், உழைப்புக்கு அபராதமும் சோம்பலுக்குப் பரிசும் கொடுத்ததாகும். இருவரும் ஒரே தீர்வை கட்டவேண்டுமென்றால், தரிசுக்காரன் பயிரிட வேண்டும், அல்லது பயிரிடுபவனுக்கு விற்க வேண்டும். பொது வேலையால் ஏறிய மதிப்பில் ஒரு பங்கைப் பொது வேலைக்கே திருப்பி எடுப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை என்பது நம் கருத்து.

நிலத்தைத் தொடரும் கடன்

ஆனால் விலை வீழ்ந்த காலத்தில் இந்த முறை எவ்வாறு கழுத்தை நெரிக்கும் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. மெர்செட் என்னும் பாசன வட்டாரம் 1919-இல் ஏற்பட்டு, 1926-இல் பெரிய அணையைக் கட்டி முடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விளைபொருள்களின் விலை சரிந்தது, தீர்வையோ சரியவில்லை. தீர்வை கட்டமுடியாதவர்களின் பங்கும் கட்டக்கூடியவர்கள் தலையில் ஏற, அவர்களும் தடுமாறினார்கள். 1933-இல் வட்டாரம் தன் பத்திரக் கடனுக்குத் தவணை செலுத்த முடியாமல் நின்றது. முடிவில் மத்திய சர்க்காரின் மறுசீரமைப்பு நிதி நிறுவனம் கடன் கொடுத்துக் கைதூக்கிவிட, பத்திரதாரர்கள் டாலருக்குச் சுமார் 51½ சென்ட் பெற்றுத் திருப்தியடைய நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் இவ்வாறு முறிந்த வட்டாரங்கள் பல. இத்தகைய வட்டாரங்கள் கடன் தீர்வு கோர இடந்தரும் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1936-இல் தள்ளிவிட்டது. அதன்பின் திருத்தி இயற்றப்பட்ட சட்டத்தை 1938-இல் ஏற்றுக்கொண்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? கூட்டாகப் பொறுப்பேற்பதில் நன்மை போலவே தீமையும் கூட்டாகவே வரும். ஒருவன் கட்டத் தவறினால் பக்கத்து நிலத்துக்காரன் சுமக்க வேண்டும். ஆகவே நல்ல காலத்திலேயே காப்பு நிதி சேர்ப்பதும், கடனின் அளவை நிலத்தின் மதிப்புக்கு வெகுவாகக் கீழே நிறுத்துவதும் தலையாய கடமைகள். இவற்றைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஏக்கருக்கு ஒரு வாக்கு

ரைட்டின் சட்டத்துக்குப் பின்னால், 1921-இல் நீர்த்தேக்க வட்டாரங்களுக்கென்று வேறொரு சட்டம் கலிபோர்னியாவில் வந்தது. அதன்படி அங்கே வசிப்பவருக்கு வாக்கு இல்லை. நில உரிமையாளருக்கே உண்டு. அதுவும் ஆளுக்கு ஒன்றன்று. நிலத்தின் மதிப்பில் நூறு டாலருக்கு ஒரு வாக்கு. நிறுவனங்களும் வாக்களிக்கலாம்.

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டுலாரி ஏரிப் படுகையின் வரலாறு சான்று. அங்கிருந்த வட்டாரம் 1,93,000 ஏக்கர் பரப்புடையது. அதில் 85 சதவீதத்தைப் பயிரிட்டவை நான்கு நிறுவனங்கள். 80 ஏக்கர் வரை வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் 189 பேர் இருந்தும், அவர்கள் எல்லோருடைய நிலமும் சேர்ந்து 2.34 சதவீதமே. ஒரே நிறுவனத்திடம் 37,825 வாக்குகள் இருந்தன. இயக்குநர்களில் பெரும்பான்மையோரைத் தேர்ந்தெடுக்க அவையே போதும். 1969-ஆம் ஆண்டு வெள்ளம் வந்தது. பியூனா விஸ்டா என்ற வறண்ட ஏரிப்படுகைக்கு வெள்ள நீரைத் திருப்பிவிட வேண்டும் என்ற யோசனை இயக்குநர் குழு முன் வந்தபோது, குழு ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஒத்திப்போட்டது. அந்த ஏரிப்படுகையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டிருந்தது பெரும்பான்மை வாக்குள்ள அதே நிறுவனம். டுலாரி வட்டாரத்தில் 88,000 ஏக்கர் நீரில் மூழ்கிற்று.

வழக்குத் தொடுத்தவர்களில் இன்னொரு பெரிய நில நிறுவனமும் இருந்தது கவனிக்கத்தக்கது. வாக்கை நிலத்தால் அளக்கும் இடத்தில், பெரியவனும் தன்னைவிடப் பெரியவனுக்கு முன்னால் சிறியவனே. ஆனால் 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளின் பெரும்பான்மையால் இந்த வாக்கு முறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வட்டாரத்தின் காரியம் குறுகியது, அதன் சுமை முழுவதும் நிலத்தின்மீதே, ஆகவே சுமக்கும் அளவுக்கு வாக்கு என்பது அநியாயமன்று என்றார்கள். குத்தகைதாரருக்கு வாக்கு வேண்டுமானால் அதை நிலச்சொந்தக்காரரிடம் பேரம் பேசிப் பெறலாம் என்றும் காரணம் காட்டினார்கள். நீதிபதி டக்ளஸும் அவருடன் சேர்ந்த இருவரும் மாறுபட்டார்கள். வெள்ளம் வரும்போது அது உரிமையாளரையும் குடியிருப்பவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதே அவர்கள் வாதத்தின் உட்கருத்து.

அரிசோனா மாநிலத்தின் சால்ட் ஆற்று வட்டாரம் இதற்கும் ஒருபடி மேலே போயிற்று. பாசனத்துக்காகத் தோன்றிய அது காலப்போக்கில் லட்சக்கணக்கான நகர மக்களுக்கு மின்சாரம் விற்கலாயிற்று. செலவில் பெரும்பகுதி மின்கட்டணத்திலிருந்தே ஈடுசெய்யப்பட்டது. ஆனால் இயக்குநர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ஏக்கர் கணக்கில் நில உரிமையாளரிடமே தங்கிவிட்டது. இதையும் உச்ச நீதிமன்றம் 1981-இல் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. பணம் கட்டுபவர் ஒருவர், வாக்களிப்பவர் வேறொருவர் என்ற நிலை இவ்வாறு நிலைபெற்றது.

வீடு கட்டுமுன் வாக்கெடுப்பு

நகரங்களின் கதை இன்னும் விசித்திரமானது. 1978-இல் கலிபோர்னிய மக்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள். மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறலாகாது என்றார்கள். பழைய வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். புதுக் குடியிருப்புகளுக்குச் சாலையும் சாக்கடையும் பள்ளியும் கட்டப் பணம் எங்கே? அதற்காக 1982-இல் மெல்லோ, ரூஸ் என்ற இரு சட்டசபை அங்கத்தினர்களின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. புதுப் பகுதியைத் தனி வட்டாரமாக்கி, அங்கே மட்டும் விசேஷ வரி விதித்துக் கடன் பத்திரம் வெளியிடலாம். இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

ஆனால் அந்த இடத்தில் 12 வாக்காளர்களுக்குக் குறைவாக இருந்தால், வாக்கு நில உரிமையாளருக்கு, ஏக்கருக்கு ஒன்று வீதம் போகும். வெறும் பொட்டலில் ஏது வாக்காளர்? ஆகவே மனைபோடும் நிறுவனமே தனியாக வாக்களித்து, இனி வரப்போகும் குடும்பங்களின்மீது இருபது முப்பது ஆண்டுகளுக்கு வரியை ஏற்றிவைத்துவிடலாம். வீடு வாங்குபவருக்கு இதை முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு. நிலத்தின் மதிப்பு கடனைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும் என்ற பாதுகாப்பும் உண்டு. சாலையும் பள்ளியும் காலத்தில் வந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வாக்களித்தவர் விற்றுவிட்டுப் போகிறார்; வாக்களிக்காதவர் கட்டிக்கொண்டிருக்கிறார். சான் டியாகோ நகரில் விடுதி உரிமையாளர்கள் மட்டும் வாக்களித்து மாநாட்டு மண்டபத்துக்காக ஒரு விசேஷ வரியை விதிக்க முயன்றபோது, வாக்காளர்களைத் தள்ளிவைத்து இவ்வாறு செய்யலாகாது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நீதியின் கண் முழுவதும் மூடிவிடவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

1996-இல் இன்னொரு பொது வாக்கெடுப்பு தீர்வைக்குக் கடுமையான வரம்புகளை இட்டது. பொது நன்மை எவ்வளவு, தனி நன்மை எவ்வளவு என்று பொறியாளர் பிரித்துக் காட்ட வேண்டும். தனி நன்மைக்கு மட்டுமே தீர்வை. 45 நாள் முன்னறிவிப்புடன் ஒவ்வொரு உரிமையாளருக்கும் வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும். சாந்தா கிளாரா பகுதியில் திறந்தவெளி நிலங்களை வாங்குவதற்காக வீட்டுக்கு ஆண்டுக்கு 20 டாலர் வீதம் விதித்த தீர்வையை, தனி நன்மை நிரூபிக்கப்படவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் தள்ளிவிட்டது. இந்த வரம்புகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் இங்கும் வாக்குச்சீட்டுக்குத் தீர்வைத் தொகையை அனுசரித்தே எடை தரப்படுகிறது.

எதிர்வாதமும் நம் பதிலும்

அதிகம் கட்டுபவனுக்கு அதிக வாக்கு என்பதில் நியாயம் இல்லையா என்று கேட்பார்கள். கேள்வியை அலட்சியம் செய்ய நாம் விரும்பவில்லை. ஒன்றும் கட்டாத பலர் கூடி, கட்டுகின்ற சிலர்மீது சுமையை ஏற்றினால் அதுவும் கொடுமைதான். ஆனால் அதற்குப் பரிகாரம் வாக்கைத் திருத்துவதன்று, தீர்வையைத் திருத்துவது. நன்மைக்கு மேல் தீர்வை இல்லை என்ற விதியைக் கண்டிப்பாகக் காத்தால், பெரியவர் கட்டுவது அவர் பெற்ற நன்மைக்கு ஈடே. அதற்குமேல் அவருக்கு ஆட்சி உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது ஒரே பணத்துக்கு இருமுறை கூலி கொடுப்பதாகும். தவிரவும், பெரியவர் கட்டுவது அவர் செல்வத்தில் ஒரு துளி. சிறியவர் கட்டுவது அவர் அடுப்பு எரியும் காசு. தீர்வை தவறினால் அவருடைய முழு ஜீவனமும் ஏலத்துக்குப் போகும். சுமையைத் தொகையால் மட்டும் அளக்கலாகாது. குத்தகைதாரரும் கூலிக்காரரும் அதே வாய்க்காலின் கரையில்தான் வாழ்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டுக்கும் இடம் கொடுத்து நடத்தும் வழியும் இல்லாமல் இல்லை. கடலுக்குத் தாழ்வான நெதர்லாந்து நாட்டில், கரை காக்கவும் நீர் வடிக்கவும் நீர்ச் சபைகள் உண்டு. ரைன்லாந்து என்ற சபைக்கு 1255-ஆம் ஆண்டிலேயே சாசனம் கிடைத்திருக்கிறது. இன்று நாடு முழுவதற்கும் 21 சபைகள். குடியிருப்பவர், கட்டடம் உடையவர், நிலம் உடையவர் ஆகிய எல்லோரும் தத்தம் வகைக்கு ஏற்பத் தீர்வை கட்டுகிறார்கள். சபையின் பெரும்பாலான இடங்களுக்கு நான்காண்டுக்கு ஒருமுறை குடியிருப்பவர் எல்லோரும் ஆளுக்கு ஒரு வாக்கு அளிக்கிறார்கள். விவசாயிகளுக்கும் இயற்கை நிலங்களைக் காப்பவர்களுக்கும் தலா இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தொழில் நிறுவனங்களுக்கு முன்பிருந்த ஒதுக்கீடு 2023 தேர்தலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே நிலமுடையவர் சொல்ல இடம் இருக்கிறது, ஆள இடம் இல்லை.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டுக்கு இது புதுமையன்று. ஆயக்கட்டில் நிலமுள்ளவர்கள் ஆள் அனுப்பி ஏரியைத் தூர் வாரிய குடிமராமத்து இதே தத்துவத்தின் பழைய வடிவம்தான். பணத்துக்குப் பதில் உழைப்பைத் தீர்வையாகக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858-ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது அன்றைய சென்னை சர்க்கார். ஊராருக்குச் சொல்லுரிமை இல்லாத இடத்தில் சட்டத்தின் பிடி பலிக்கவில்லை. தானே தீர்மானித்த வேலைக்கு மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பவன், மேலிருந்து விதித்த வேலைக்குச் சாக்குச் சொல்கிறான். இது மனித இயல்பு.

கூட்டுறவாளர்களான நாம் இந்த முடிச்சை அவிழ்க்கும் விதியை ஏற்கெனவே கைக்கொண்டிருக்கிறோம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளரும் கூட்டுறவுக் கடை திறந்த காலந்தொட்டு, லாப ஈவு கொள்முதலுக்கு ஏற்ப, வாக்கு ஆளுக்கு ஒன்று என்பதே கூட்டுறவின் உயிர்நாடி. பத்துத் தறி வைத்திருப்பவரும் ஒரு தறிக்காரரும் பொதுப் பேரவையில் சமம். அப்படியிருந்தும், அதிகப் பங்கு போட்டவர் சொல் அதிகம் எடுபட வேண்டாமா என்ற குரல் நம் கூட்டங்களில் அவ்வப்போது கேட்கத்தான் செய்கிறது. பொதுக் கிட்டங்கியோ, சாயப்பட்டறையோ, பாசனக் குழாயோ அமைக்கப் பணம் சேர்க்கும் வேளையில் அக்குரல் உரத்து ஒலிக்கும். அப்போது அங்கத்தினர்கள் டர்லக்கையும் டுலாரியையும் நினைத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

அத்தகைய திட்டம் எது வந்தாலும் நான்கு கேள்விகளைப் பேரவையில் எழுப்புங்கள். இதனால் யாருக்கு என்ன நன்மை? அந்த நன்மைக்கு ஏற்றபடிதான் தொகை பிரிக்கப்பட்டிருக்கிறதா? விலை வீழ்ந்த ஆண்டில் கட்ட முடியாதவனுக்கு என்ன ஏற்பாடு? கடைசியாக, வாக்கு யாரிடம் இருக்கிறது? முதல் மூன்று கேள்விகளுக்கும் கணக்கர் பதில் தயாரித்துக் கொடுத்துவிடலாம். நான்காவதற்குச் சரியான பதில் இல்லையென்றால், முதல் மூன்றின் பதில்களும் ஒருநாள் மாற்றி எழுதப்படும். தொகையை நன்மைக்கு ஏற்பப் பிரிப்போம். வாக்கை ஆளுக்கு ஒன்றாகவே வைத்துக்கொள்வோம்.